சரக்கு வண்டியில் போனவருக்கு நஷ்ட ஈடு யார் தருவார்?

ஜவ்வாது மலையில் திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஊராட்சிகள் நெல்லிவாசல்நாடு, புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு. 2022 ஏப்ரல் 2 அன்று இந்த மலையில், புலியூரிலிருந்து செம்பரை கோயிலுக்குப் போன வேன் பள்ளத்தில் உருண்டு 11 பேர் இறந்தார்கள். அரசு நிவாரணம் அறிவித்தது. ஆனால் நிவாரணம் வேறு, நஷ்ட ஈடு வேறு. நிவாரணம் அரசு இரங்கித் தருவது. நஷ்ட ஈடு சட்டப்படி கேட்டு வாங்குவது.

அந்த உரிமை படிப்படியாக வந்தது. பிறர் தவறால் ஒருவர் இறந்தால் குடும்பம் வழக்குப் போடலாம் என்று 1855-லேயே இந்தியாவில் சட்டம் வந்துவிட்டது. ஆனால் ஜெயித்தாலும் டிரைவரிடம் பணம் இருக்க வேண்டுமே! இதற்கு இங்கிலாந்து 1930-ல் வழி கண்டது: வண்டிக்குக் கட்டாயக் காப்பீடு. இந்தியாவில் 1939 மோட்டார் வாகனச் சட்டத்தின் காப்பீட்டுப் பகுதி 1946 ஜூலையில்தான் அமலானது. 1956 திருத்தம் தனித் தீர்ப்பாயங்களுக்கு வழி செய்தது. டிரைவர் தவறு செய்தால் உரிமையாளர் பொறுப்பு, அவருக்காகக் காப்பீட்டு நிறுவனம் பணம் கட்டும். 1988-ல் வந்த புதிய சட்டத்திலும் இதுதான் அடிப்படை.

ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. சரக்கு வண்டியில் ஏறியவர்கள் கதி என்ன? எதிரே வந்த லாரி மேல் தவறு என்றால் அந்த லாரியின் காப்பீட்டில் கேட்கலாம். மலைப்பாதையில் வண்டி தானே உருண்டால் கேட்க வேறு வண்டியே இல்லை.

1994 திருத்தம் சரக்கின் சொந்தக்காரரையும் அவருடைய பிரதிநிதியையும் காப்பீட்டுக்குள் கொண்டு வந்தது. அதாவது சாமை மூட்டையைச் சந்தைக்கு ஏற்றிக்கொண்டு கூடவே போகிறவருக்குப் பாதுகாப்பு உண்டு. அதே வண்டியில் வெறுங்கையோடு ஏறிய பக்கத்து வீட்டுக்காரருக்கு? உண்டு என்றது உச்ச நீதிமன்றம் 1999-ல், சத்பால் சிங் வழக்கில். இல்லை என்று அதை மாற்றியது 2002-ல், ஆஷா ராணி வழக்கில். 2004-ல் பல்ஜித் கவுர் வழக்கில் ஒரு நடுவழி: நிறுவனம் முதலில் பணத்தைக் கட்டட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும். 2017-லும் ஒரு வழக்கில் இதே வழியை உச்ச நீதிமன்றம் காட்டியது. ஆனால் இது தானாகக் கிடைப்பதில்லை, வழக்குக்கு வழக்கு மாறும். கிடைக்காவிட்டால் மறுபடி உரிமையாளர், டிரைவர் சொத்தைத்தான் தேட வேண்டும். 1855-ல் இருந்த அதே நிலை!

இன்னொரு விஷயம். விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்ற விதி 2022 ஏப்ரல் 1 அன்று, செம்பரை விபத்துக்கு முந்தின நாள், அமலுக்கு வந்தது. பாதிக்கப்பட்டவர் தான் வசிக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம். மலையில் பஸ் போதாதவரை மக்கள் சரக்கு வண்டியில் ஏறத்தான் செய்வார்கள். அவர்களுக்கு இந்தச் சட்டம் கீழே நகரத்தில் இருப்பவர்களைவிட அதிகம் தெரிந்திருக்க வேண்டும்.