தாளத்தில் பயின்ற ஆங்கிலம்

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் அயல்நாட்டு மாணவர்க்கு ஆங்கிலம் கற்பித்த கேரலின் கிரகாம் பியானோ இசையிலும் வல்லவர். அமெரிக்கரின் அன்றாடப் பேச்சு, ஜாஸ் இசையின் தாளத்தோடு ஒத்து நடப்பதை அவர் செவி கண்டுகொண்டது. அதன் விளைவே 1978-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட 'ஜாஸ் சாண்ட்ஸ்' என்னும் நூல்.

அதில் உள்ளவை பாடல்கள் அல்ல. மெட்டு, பேச்சின் அழுத்தத்தை இடம் மாற்றிவிடக் கூடும். ஆகவே மெட்டை விலக்கித் தாளத்தை மட்டுமே கைக்கொண்டார். ஒரு சாரார் வினவ, மறு சாரார் தாளம் தவறாது விடையிறுப்பர்.

தமிழில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. ஆங்கிலத்திலோ பொருளுடைய சொல் ஓங்கும். இடையில் வரும் சிறுசொற்கள் சுருங்கித் தேயும். இலக்கணத்தைப் பிழையறக் கற்ற எம் தலைமுறைக்கு இதை எவரும் சொல்லித் தந்ததில்லை. எழுத்தில் தெளிவாய் விளங்கிய வாக்கியம், வானொலியில் கேட்டபோது பிடிபடாமற் போயிற்று.