கரிவரதன்

சுந்தரம் கரிவரதன் (1954 – ஆகத்து 1995) கோயம்புத்தூரைச் சேர்ந்த தானுந்துப் பந்தய ஓட்டுநரும் பந்தயத் தானுந்து வடிவமைப்பாளரும் ஆவார். மாருதி 800 சிற்றுந்தின் பொறியைக் கொண்டு இவர் உருவாக்கிய பார்முலா மாருதி என்னும் ஒற்றை இருக்கைப் பந்தய வண்டி, இந்தியாவில் இவ்விளையாட்டு பரவ வழிவகுத்தது.

பின்னணி

1910 இல் லட்சுமி ஆலையை நிறுவிய குப்புசாமி நாயுடு இவருடைய பாட்டனார், தந்தை ஜி. கே. சுந்தரம். நெசவாலைக் குடும்பத்தில் பிறந்தவர் பந்தய வண்டி கட்டியது வியப்பன்று. ஆலைகளுக்காக வளர்ந்த பட்டறைகளும் வார்ப்படச் சாலைகளும் கோவையில் நிறைந்திருந்தன. இத்தாலியின் பெர்ராரி நிறுவனமும் 1929 இல் மொதேனா நகரில் ஒரு பந்தய அணியாகவே தோன்றியது; தன் பெயரிலான வண்டியை அது வெளியிட்டது 1947 இல்தான். கரிவரதனும் முதலில் ஓட்டுநர், பின்னரே வடிவமைப்பாளர்.

பார்முலா மாருதி

அக்காலத்தில் சென்னைக்கு அருகே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடைபெற்றன. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் கடுமையாக இருந்ததால், வெளிநாட்டுப் பந்தய வண்டியை வரவழைக்கும் வசதியுள்ளவருக்கும் உள்ளூர் வண்டியைத் திருத்தி ஓட்டுபவருக்கும் இடையே போட்டி சமமாக இல்லை. திறமையைவிடப் பணமே பெரும்பாலும் வென்றது எனலாம்.

1983 திசம்பரில் வெளிவந்த மாருதி 800 இதற்கு விடை தந்தது. அதன் 796 கன செ.மீ., மூன்று உருளைப் பொறி எளியது. உதிரிப்பாகங்கள் எந்த ஊரிலும் கிடைத்தன. சிற்றுந்தில் முன்சக்கரங்களை இயக்கிய அப்பொறியை ஓட்டுநருக்குப் பின்னால் அமைத்து, எஃகுக் குழாய்ச் சட்டத்தின் மேல் இலகுவான வண்டியை 1980களின் இறுதியில் கரிவரதன் உருவாக்கினார். அனைவருக்கும் ஒரே வகை வண்டி என்பதால் வெற்றி ஓட்டுநரின் கையில் வந்தது. அமெரிக்காவில் வோக்சுவாகன் வண்டின் பாகங்களால் 1960களில் உருவான பார்முலா வீ வகுப்பும் இதே எண்ணத்தில் பிறந்ததே.

இவ்வண்டியின் விரைவு உலகத் தரத்தில் மிகக் குறைவு. எனினும் நரேன் கார்த்திகேயன், கருண் சந்தோக் ஆகிய இருவரும் இதிலேயே பந்தயத்தைத் தொடங்கினர். நரேன் 2005 இல் சோர்டான் அணிக்காக ஓட்டி, பார்முலா 1 பந்தயத்தில் பங்கேற்ற முதல் இந்தியரானார். கருண் 2010 இல் இரண்டாமவரானார்.

மறைவு

1995 ஆகத்தில் சிறு விமான விபத்தொன்றில், தம் 41 ஆம் அகவையில் கரிவரதன் உயிரிழந்தார். நரேன் பார்முலா 1 களத்தில் இறங்கியதைக் காண அவர் இல்லை. கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் 2003 இல் திறக்கப்பட்ட, சுமார் 2.1 கி.மீ. நீளமுள்ள பந்தயத் தடம் இவர் நினைவாகக் கரி மோட்டார் ஸ்பீட்வே எனப் பெயரிடப்பட்டது.