நாடாவில் பதிந்த பறை

திருவண்ணாமலையில் கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டர் நெடுக ஒலிபெருக்கி பாடிக்கொண்டே இருக்கும். என்ன பாடும் என்பது நமக்குத் தெரியும். அதே காலத்தில் நம் பாட்டு எங்கே இருந்தது? அதைத் தேட மாடவீதிக்குப் போகவேண்டாம். சேரி வீடுகளின் பரண்மேல், பூஞ்சை பூத்த கேசட்டுகளில் தேடவேண்டும்.

1963இல் பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டைக் கொண்டுவந்தது. இசைத்தட்டு அச்சிட ஆலை வேண்டும்; வானொலியில் பாடக் குரல்தேர்வில் தேறவேண்டும். கேசட்டுக்கு ஒரு டேப் ரெக்கார்டர் போதும். ஈரானில் 1979 புரட்சிக்கு முன் கொமெய்னியின் உரைகள் இப்படித்தான் பரவின. வட இந்தியாவின் கேசட் வரலாற்றைப் பீட்டர் மானுவல் 1993இல் நூலாக்கினார். நம் கதையை நாம்தான் எழுதவேண்டும்.

கே.ஏ. குணசேகரனிலிருந்து தொடங்கலாம். 'வடு' எழுதியவராக மாணவர்கள் அவரை அறிவார்கள். 'தன்னானே' குழுவோடு ஊர் ஊராகப் பாடியவரும் அவரே. இன்குலாபின் 'மனுசங்கடா' பாடலை நம்மில் பலர் புத்தகத்தில் படிக்கவில்லை, அவர் குரலில் கேட்டோம். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு, அதாவது பரட்டை அண்ணன், கர்நாடக இசையில் ஊறிய கிறித்தவக் கீர்த்தனைக்கு எதிராக நாட்டுப்புற மெட்டையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். பாடுகிற மக்கள் பாட்டை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது அவர் கொள்கை. பதிவு செய்தால் பாட்டு உறைந்துவிடாதா? உறையும்தான். ஆனால் கேட்டவர்கள் திரும்பப் பாடும்போது சொல்லையும் மெட்டையும் தம் ஊருக்கு ஏற்பத் திருப்பிக்கொண்டார்கள்.

பறையை நாடாவில் பிடிப்பது லேசல்ல. அடிக்குச்சியின் கனம் பதியும். சிம்புக்குச்சியின் கூர்மைதான் நகலுக்கு நகல் மழுங்கும். நான்காம் கைக்கு வரும்போது இரைச்சலுக்கு அடியில் ஒரு துடிப்பு மட்டும் மிஞ்சும். அதையும் கேட்டோம். நல்ல ஒலி கிடைக்காததற்காக யாரும் கேசட்டைத் திருப்பிக் கொடுத்ததில்லை.

நம் குறை வேறு. பாடியவர் பெயரும் எழுதியவர் பெயரும் அட்டையில் இருக்கும். பறை அடித்தவர் பெரும்பாலும் 'குழுவினர்'. இன்று பறை கல்லூரி விழாவிலும் சினிமாவிலும் முழங்குகிறது. அன்று அடித்த கைகளுக்கு இன்னும் பெயரில்லை. அவர்களில் பலர் உயிரோடு இருக்கிறார்கள். பரணிலிருந்து இறக்கும் கேசட்டை உடனே ஓடவிடாதீர்கள், ஒட்டிய நாடா அறுந்துவிடும். முதலில் அட்டையை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போய், அன்று யார் யார் அடித்தார்கள் என்று கேட்டு எழுதி வாருங்கள்.