சட்டம் வந்த தேதியும் பேருந்து வந்த தேதியும்



போன தவணையில் 'பள்ளிப் பேருந்துப் பயணத்தில் சிறுவர் பாதுகாப்பு' என்று ஒரு கட்டுரைத் தலைப்பு கொடுத்தேன். திருத்த உட்கார்ந்தால், பாதிக்கு மேற்பட்ட தாள்களில் ஒரே வாக்கியம்: "1939ஆம் ஆண்டு முதல் பள்ளிப் பேருந்துகள் மஞ்சள் நிறத்தில் ஓடுகின்றன." எங்கிருந்து எடுத்தாங்கன்னு கேட்கவே தேவையில்லை, தேடினால் முதலில் வந்து நிற்பது அதுதான். ஆண்டு சரி. ஆனால் வாக்கியம் தப்பு. நான் ஓரத்தில் சிவப்பு மையில் கோடு போட்டதற்கு இரண்டு மூன்று பேர் சண்டைக்கே வந்துட்டாங்க. அவர்களுக்கு வகுப்பில் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச்செல்லப் பொதுப்பணத்தைச் செலவிடலாம் என்று மாசசூசெட்ஸ் மாநிலம் 1869இல் சட்டம் போட்டது. அப்போது பேருந்து ஏது? குதிரை வண்டிதான். இரண்டு பக்கமும் நீளப் பலகை, அதில் பிள்ளைகள் எதிரும் புதிருமாக உட்காருவார்கள். ஏறுவதும் இறங்குவதும் பின்பக்கம். முன்பக்கம் பிள்ளைகள் கூட்டம் போட்டால் குதிரை மிரண்டுவிடும் என்ற கவலை. இன்றைக்குப் பேருந்தின் பின்னால் நீங்கள் பார்க்கிற அவசரக் கதவுக்கு மூதாதை அதுதான் என்று சொல்வார்கள்.

1930களில் மோட்டார் வண்டிகள் பெருகிவிட்டன. ஆனால் 'பள்ளிப் பேருந்து' என்றால் என்ன என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஃபிராங்க் சைர், கிராமப்புற நெப்ராஸ்காவில் வளர்ந்தவர். அவர் 1937இல் பல மாநிலங்களில் பிள்ளைகள் எப்படிப் பள்ளிக்கு வருகிறார்கள் என்று ஆராய்ந்தார். ஒரு வட்டாரத்தில் கோதுமை ஏற்றும் குதிரை வண்டி. இன்னோர் இடத்தில் நாட்டுப்பற்று வளரட்டும் என்று பேருந்துக்குச் சிவப்பு, வெள்ளை, நீலம் பூசும் யோசனை. அந்த மூவண்ணம் வண்டியைத் தூரத்திலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு மறைத்துவிடும் என்பது சைரின் கவலை.

1939 ஏப்ரலில் அவர் ஒரு மாநாட்டைக் கூட்டினார். செலவுக்கு 5,000 டாலர் உதவித்தொகை கிடைத்தது. அன்றைய 48 மாநிலங்களின் அதிகாரிகளும், வண்டி தயாரிப்பாளர்களும், வண்ணப்பூச்சு நிபுணர்களும் ஏழு நாள் உட்கார்ந்து 44 விதிகளை எழுதினார்கள். பேருந்தின் நீளம், கூரையின் உயரம், நடைபாதையின் அகலம் எல்லாம் அதில் அடக்கம். நிறத்தைத் தேர்ந்தெடுத்த விதம்தான் எனக்குப் பிடித்த பகுதி. வெளிர் எலுமிச்சை மஞ்சளிலிருந்து அடர்ந்த செம்மஞ்சள் வரை சுமார் ஐம்பது சாயல்களைப் பட்டை பட்டையாகச் சுவரில் தொங்கவிட்டு, ஒரு சிறு குழு அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்தது. விடிந்தும் விடியாத காலையிலும் மங்கிய மாலையிலும் பளிச்சென்று தெரிய வேண்டும், அதன் மேல் கறுப்பு எழுத்தைத் தூரத்திலேயே படிக்க முடிய வேண்டும். இந்த இரண்டுக்கும் பொருந்தியது நாம் இன்று பார்க்கிற அந்த மஞ்சள்.

இதுவரை என் மாணவர்கள் எழுதியது சரிதானே? இங்கேதான் நிற்க வேண்டும். மாநாடு எழுதியது பரிந்துரை. அதை ஏற்பதா வேண்டாமா என்பது ஒவ்வொரு மாநிலத்தின் விருப்பம். கடைசி மாநிலமாக மினசோட்டா மஞ்சளுக்கு மாறியது 1974இல். கணக்குப் போடுங்கள், 35 வருசம். 1939இல் முதலாம் வகுப்பு படித்த பிள்ளை நாற்பது வயதைத் தாண்டி, தன் சொந்தப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய பிறகுதான் அந்த நிறம் நாடு முழுக்க வந்து சேர்ந்தது. ஆகவே "1939இல் மஞ்சள் நிறம் பரிந்துரைக்கப்பட்டது" என்று எழுதினால் முழு மதிப்பெண். "1939 முதல் மஞ்சள் நிறத்தில் ஓடுகின்றன" என்றால் சிவப்பு மை.

"ஒரு வார்த்தைக்காக இவ்வளவா சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்விதான். நிறத்தோடு போயிருந்தால் நானும் விட்டிருப்பேன். அடுத்த கதையைக் கேளுங்கள்.

1967இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் உண்மையான பள்ளிப் பேருந்துகளை மோதவிட்டுச் சோதித்தார்கள். பிள்ளைகளுக்கு ஆபத்து பெரும்பாலும் இருக்கையிலிருந்தே வருகிறது என்று தெரிந்தது. முதுகுப்பக்கம் தாழ்வு, மேலே இரும்புக் கம்பி. மோதிய வேகத்தில் பிள்ளையின் முகம் நேராக முன்னிருக்கைக் கம்பியில்தான் போய் அடிக்கும். இந்தச் சிந்தனையின் தொடர்ச்சியாக, உயரமான, மெத்தை வைத்த, நெருக்கமாக அமைந்த இருக்கைகள் வந்தன. முட்டை அட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். முட்டையை யாரும் கட்டிவைப்பதில்லை, ஆனாலும் குழிக்குள் பத்திரமாக இருக்கிறது. பிள்ளை எதையும் மாட்ட வேண்டாம், யாரும் நினைவூட்டவும் வேண்டாம். "பெரிய பஸ்ல ஏன் சார் பெல்ட் இல்ல?" என்று மாணவர்கள் கேட்டால், நீங்கள் சொல்லக்கூடிய பதிலில் பாதி இது. மறுபாதி, இந்த ஏற்பாடு முன்பின் மோதலுக்குத்தான் நன்றாக வேலை செய்யும். வண்டி உருண்டாலோ பக்கவாட்டில் அடிவாங்கினாலோ இது போதாது. எடை குறைந்த சிறிய பேருந்துக்கும் போதாது என்பதால், அமெரிக்காவிலேயே சிறிய பள்ளிப் பேருந்துகளுக்கு அன்றே இருக்கை வார் கட்டாயமாக்கப்பட்டது.

புதிய விதிகள் 1977 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தன. இருக்கை மட்டுமல்ல, வண்டி உருண்டால் கூரை தாங்குவது, உடல் தகடுகளின் இணைப்பு பிரியாமல் இருப்பது, மோதலில் எரிபொருள் தொட்டி உடையாமல் இருப்பது என்று எல்லாவற்றுக்கும் விதி. அந்தத் தேதிக்குப் பிறகு தயாராகும் பேருந்துகளுக்கு மட்டும்.

1988 மே 14 இரவு. கென்டக்கி மாநிலம் கேரல்டன் அருகே, கேளிக்கைப் பூங்காவுக்குப் போய்விட்டு ஒரு தேவாலயத்தின் பேருந்து திரும்பிக்கொண்டிருந்தது. உள்ளே ஓட்டுநரோடு 67 பேர், பெரும்பாலும் சிறுவர்களும் இளையர்களும். பள்ளி ஓட்டத்திலிருந்து ஓய்வுபெற்று, பிறகு தேவாலயத்துக்குக் கைமாறிய பழைய பள்ளிப் பேருந்து அது. நெடுஞ்சாலையில் குடிபோதையில் எதிர்த்திசையில் வந்த ஒருவரின் பிக்கப் வண்டி நேருக்கு நேர் மோதியது. மோதலில் யாரும் சாகவில்லை. இதை இரண்டு முறை படியுங்கள். எரிபொருள் தொட்டி உடைந்து பெட்ரோல் பற்றிக்கொண்டது. முன்கதவு நசுங்கித் திறக்கவில்லை. மிச்சம் பின்கதவு ஒன்றுதான். அதற்குப் போகும் வழியோ குறுகல், இருக்கைகளின் பஞ்சு எரிந்து புகை சூழ்ந்தது. 27 பேர் இறந்தார்கள். 34 பேர் காயமடைந்தார்கள்.

அந்தப் பேருந்தின் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், தயாரான தேதி 1977 மார்ச் 23. விதி நடைமுறைக்கு வர ஒன்பது நாள் இருந்தது. அதனால் தொட்டியைச் சுற்றிப் பாதுகாப்புச் சட்டம் இல்லை. சட்டப்படி அந்த வண்டியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பதினொரு வருசம் பழைய விதியோடுதான் அது பிள்ளைகளைச் சுமந்தது. இதன் பிறகுதான் கென்டக்கி பள்ளிப் பேருந்துகளுக்கு அவசர வழிகளைக் கூட்டியது, டீசலுக்கு மாறியது.

கேள்வி கேட்ட மாணவி இதற்குப் பிறகு அந்த வாக்கியத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

நம் பக்கத்துக்கு வருவோம். சிங்கப்பூரில் 2008 தொடக்கத்தில் ஒரு தொடக்கப்பள்ளி மாணவர் பள்ளிச் சிற்றுந்து விபத்தில் வண்டிக்கு வெளியே தூக்கி வீசப்பட்டு இறந்தார். அப்போது பல சிற்றுந்துகளில் பக்கவாட்டுப் பலகை இருக்கைகள்தான். குதிரை வண்டி ஞாபகம் வருகிறதா? இருக்கை வார் கிடையாது. இரண்டு பெரியவர்கள் உட்காரும் இடத்தில் மூன்று சிறுவர்கள் உட்காரலாம் என்ற சலுகையும் இருந்தது. அந்த ஆண்டே சிறிய பேருந்துகளுக்கு முன்நோக்கிய இருக்கையும் வாரும் கட்டாயம் என்று அறிவித்தார்கள். நான் கவனிக்கச் சொல்வது அறிவிப்பை அல்ல. புதிய வண்டியோடு நிறுத்தாமல், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பழைய வண்டிகளையும் மாற்றியாக வேண்டும் என்று சொல்லி, 2011ஐக் கெடுவாக வைத்து, வண்டிக்காரர்களின் செலவில் அரசும் பங்கு ஏற்றது. ஒரு வார் ஒரு பிள்ளைக்கு என்றால், இரண்டு இடத்தில் மூன்று பேர் என்ற கணக்கும் தானாக அடிபட்டுப்போகும். வண்டிக்காரர்களுக்கு வருமானம் குறையும், கட்டணம் ஏறும் என்ற முணுமுணுப்பு எழத்தான் செய்யும். அதைச் சொல்லாமல் விட்டால் வரலாறு ஆகாது.

தமிழ்நாட்டு அனுபவம் வேறு மாதிரி. இந்திய உச்ச நீதிமன்றம் 1997இல், எம்.சி. மேத்தா வழக்கில், தில்லிச் சாலைகள் குறித்துப் பிறப்பித்த உத்தரவுகளில் பள்ளிப் பேருந்துக்கென்று தனி நெறிகள் இருந்தன. அனுபவமுள்ள ஓட்டுநர், வேகக் கட்டுப்பாடு என்று பலவும் அதில் வந்தன. பதினைந்து வருசம் கழித்து, 2012 ஜூலையில், சென்னைப் புறநகர்த் தாம்பரம் பகுதியில் இரண்டாம் வகுப்புப் படித்த ஒரு சிறுமி, பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாகக் கீழே விழுந்து அதே வண்டியின் சக்கரத்தில் சிக்கி இறந்தாள். அந்த வண்டிக்குத் தகுதிச் சான்றிதழ் இருந்தது. இதற்கு மேல் நான் என்ன எழுத? உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அதே ஆண்டில் பள்ளிப் பேருந்துகளுக்கென்றே தமிழ்நாட்டில் சிறப்பு விதிகள் வந்தன. இப்போது ஆண்டுதோறும் பள்ளி திறக்கும் முன், கோடை விடுமுறையில், வண்டிகளை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, போக்குவரத்து, காவல், கல்வி ஆகிய துறை அதிகாரிகள் சேர்ந்து ஏறிப் பார்க்கிறார்கள். படியின் உயரம், தரைப் பலகை, அவசரக் கதவு எல்லாம் அங்கே சோதிக்கப்படுகின்றன. ஓட்டையைக் கண்டுபிடிக்கப் பெரிய தொழில்நுட்பம் வேண்டாம், ஏறி நடந்து பார்த்தால் போதும்.

ஏறி நடந்து பார்ப்பது என்றதும் ஜப்பான் நினைவுக்கு வருகிறது. 2021 ஜூலையில் ஃபுகுவோக்கா மாநிலத்தில், பாலர் பள்ளிப் பேருந்தில் கவனிக்காமல் விடப்பட்ட ஐந்து வயதுப் பையன் வெயிலில் இறந்தான். எண்ணிப் பாருங்கள், கவனமாக இருங்கள் என்று அரசு சுற்றறிக்கை அனுப்பியது. மறு ஆண்டு செப்டம்பரில் ஷிசுவோக்காவில் மூன்று வயதுச் சிறுமிக்கு அதே கதி. 2023 ஏப்ரலிலிருந்து கருவி கட்டாயம் என்று விதி மாறியது, பழைய வண்டிகளுக்கு ஓராண்டு அவகாசம். அத்தகைய கருவிகளில் ஒரு வகை ரொம்ப எளிமையானது. இயந்திரத்தை அணைத்ததும் மணி அடிக்கும். அதை நிறுத்தும் பொத்தான் வண்டியின் கடைசியில் இருக்கும். ஓட்டுநர் எழுந்து, ஒவ்வோர் இருக்கையாகத் தாண்டி, பின்னால் போய்த்தான் ஆக வேண்டும். சுற்றறிக்கை சொன்னதையேதான் மணியும் சொல்கிறது, ஆனால் மணியை மறக்க முடியாது.

மலேசியாவில் நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இது தூரத்துக் கதை இல்லீங்க. ஒரு காலத்தில் பள்ளி தோட்டத்துக்குள்ளேயே இருந்தது, பிள்ளைகள் லயத்திலிருந்து நடந்தே வந்தார்கள். தோட்டங்கள் துண்டாகி, வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்சாலைகளாகவும் மாறிய பிறகு குடும்பங்கள் தாமான்களுக்குப் போய்விட்டன. பல பள்ளிகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. வீட்டுக்குப் பக்கத்தில் வேறு பள்ளி இருக்க, தமிழ்ப்பள்ளிதான் வேண்டும் என்று அனுப்புகிற பெற்றோரின் ஏழு வயதுப் பிள்ளை, இருட்டிலேயே எழுந்து வேன் ஏறுகிறது. மதியம் திரும்பும்போது பாதிப் பேர் தூக்கத்தில். நம்மில் பலர் வாசலில் நின்று கையசைத்து அனுப்பியிருக்கிறோம். உள்ளே எட்டிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? நானும் ரொம்ப நாள் பார்த்ததில்லை.

ஆகவே கட்டுரைத் திருத்தத்தோடு ஒரு வேலையும் கொடுத்தேன், விரும்பினால் உங்கள் வகுப்பிலும் செய்து பாருங்கள். நீங்கள் வருகிற வண்டி தயாரான ஆண்டு எது? எத்தனை இருக்கை, எத்தனை பேர் ஏறுகிறீர்கள்? அவசர வழி எங்கே, அதன் முன்னால் என்ன வைத்திருக்கிறார்கள்? இறங்கியதும் வண்டிக்கு முன்னால் கடக்கிறீர்களா, பின்னாலா, ஓட்டுநருக்கு நீங்கள் தெரிகிறீர்களா? ஓட்டுநரிடம் மரியாதையாகக் கேட்க வேண்டும், "அண்ணே, பள்ளிப் பாடத்துக்கு" என்று சொல்லிக் கேட்க வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினேன். பெரும்பாலானவர்கள் முகம் சுளிக்காமல் பதில் சொல்லியிருக்கிறார்கள். ஓர் அண்ணன் வண்டி அட்டையையே எடுத்துக் காட்டினாராம்.

திங்கட்கிழமை தாள்கள் வந்தன. முதலில் என்னிடம் சண்டைக்கு வந்த பையனின் தாளில், இருக்கை வார் பற்றிய கேள்விக்கு நேரே இப்படி எழுதியிருந்தது: "இருக்கிறது சார். எல்லாவற்றையும் சுருட்டி, ரப்பர் வளையம் போட்டு, இருக்கைக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். எப்போதிலிருந்து என்று அண்ணனுக்கும் தெரியவில்லை."