வள்ளியின் குரல்

நாமக்கல் பக்கம் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய வள்ளி திருமணம் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நாரதரும் வள்ளியும் தர்க்கம் பண்ண ஆரம்பித்ததும்தான் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) பெயர் சொல்லும் நாடகம். பாட்டு எழுதி வைத்தது. தர்க்கம் அந்த ராத்திரியில் பிறப்பது. வள்ளி வேஷம் கட்டியவரே இரண்டையும் சமாளிக்கணும்.

காவிரிக்கு அக்கரை கொடுமுடியில் பிறந்த கே. பி. சுந்தராம்பாள், எஸ். ஜி. கிட்டப்பாவோடு சேர்ந்து இதில் மேடையேறியபோது மைக் கிடையாது. கடைசி வரிசைக்கும் எட்டுகிற சுருதியில் பாடிப் பழகிய குரல்கள். அந்தக் கால இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிஷம்தான். பாட்டு ஏறிவிட்டது, தர்க்கம் எப்படி ஏறும்?

ஆனால் எனக்கு உறுத்துவது 1945. ஏவி. மெய்யப்பன் எடுத்த 'ஸ்ரீ வள்ளி'யில் டி. ஆர். மகாலிங்கம் முருகன், குமாரி ருக்மிணி வள்ளி. படம் வெளியான பிறகு ருக்மிணி பாடியதை எடுத்துவிட்டு, பி. ஏ. பெரியநாயகியைப் பாடவைத்துச் சேர்த்தார்கள். ரிலீஸுக்கு அப்புறம் பேட்ச் போடுறது நம்ம தொழிலில் மட்டும்தான்னு நினைச்சிட்டிருந்தேன்! பெரியநாயகி பிரமாதமாகப் பாடியிருக்கிறார், அதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் கேட்கும்போதெல்லாம், அடியில் இன்னொரு குரல் இருந்தது என்பது ஞாபகம் வந்துவிடுகிறது.

1961இல் மறுபடி ஒரு 'ஸ்ரீ வள்ளி'. சிவாஜி முருகன், பத்மினி வள்ளி. பழைய முருகன் மகாலிங்கம் இதில் நாரதர். பதினாறு வருஷத்தில் வேஷம் மாறியது, பாடியது அதே குரல். ருக்மிணிக்கோ, வேஷம் அப்படியே திரையில் இருக்க, குரல் மட்டும் போய்விட்டது.