மேஃபீல்ட், கர்ட்டிஸ் (1942–1999)

அமெரிக்க சோல் இசைப் பாடகர், பாடலாசிரியர், கிதார் கலைஞர், இசைத்தட்டு நிறுவன உரிமையாளர். சிகாகோவில் 1942 ஜூன் 3 அன்று பிறந்து, ஜார்ஜியா மாநிலத்தின் ராஸ்வெல் நகரில் 1999 டிசம்பர் 26 அன்று மறைந்தார். ‘தி இம்ப்ரெஷன்ஸ்’ என்ற குழுவில் 1958 முதல் 1970 வரை பாடினார், பிறகு தனிப்பாடகரானார். கறுப்பினக் கலைஞர்கள் எழுதிய பாடல்களின் உரிமை பெரும்பாலும் முதலாளிகளின் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்த காலம் அது. அக்காலத்தில் தன் பாட்டைத் தானே எழுதி, தானே பாடி, உரிமையையும் கைவிடாமல் வைத்திருந்த மிகச் சிலருள் இவர் ஒருவர். என்ன பாடலாம் என்பதை அவரே முடிவு செய்ய முடிந்ததற்கு அந்த உரிமைதான் காரணம்.

இளமை

மேஃபீல்ட் சிறுவனாக இருந்தபோதே தந்தை வீட்டை விட்டுப் போய்விட்டார். தாய் மேரியன் பிள்ளைகளை வறுமையில் வளர்த்தார். பல வீடுகள் மாறிய பிறகு குடும்பம் சிகாகோவின் காப்ரினி அடுக்குமாடிக் குடியிருப்பில் குடியேறியது. வீட்டிலிருந்த ஆழமான செல்வாக்கு பாட்டி ஆனி பெல்லுடையது. அவர் ‘டிராவலிங் சோல் ஸ்பிரிச்சுவலிஸ்ட்’ என்ற சிறு திருச்சபையின் போதகர். அந்தச் சபையில்தான் பேரன் பாடக் கற்றான். மேஃபீல்டின் பிற்காலப் பாடல்களில் ‘நான்’ குறைவு, ‘நாம்’ அதிகம். சோர்ந்து உட்கார்ந்திருப்பவர்களை எழுப்பி நிறுத்தும் அந்தத் தொனி பாட்டியின் பிரசங்கத்திலிருந்து வந்தது என்று கொள்வதே பொருத்தம்.

சபைக் குழுவில் உடன் பாடியவர் ஜெர்ரி பட்லர். இவரைவிட மூத்தவர், கனத்த குரல்காரர். மேஃபீல்டின் குரலோ மெல்லியது, உச்ச ஸ்தாயியில் பஞ்சுபோல் மிதப்பது. கோபத்தையும் கண்டனத்தையும் பாட இப்படி ஒரு குரல் பயன்படும் என்று அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் அடித்துச் சொல்ல வேண்டிய சேதியை அவர் காதருகே தாழ்ந்து சொல்வதுபோல் பாடினார். அதனால்தான் அது ஆழமாக இறங்கியது.

கிதாரை அவருக்கு யாரும் கற்றுத் தரவில்லை. பியானோவின் கறுப்புக் கட்டைகளில் வாசித்துப் பழகியிருந்த சிறுவன், கிதார் கைக்கு வந்ததும் அதன் தந்திகளையும் அந்தக் கட்டைகளுக்கு இசைவாகத் திருகிச் சுருதி சேர்த்துக்கொண்டான். நம் கணக்கில் சொன்னால் நாலரைக் கட்டை சுருதி. ஆறு தந்திகளும் கீழிருந்து மேலாக ச, க, ப, ச, க, ச. (காந்தாரம் இங்கே அந்தர காந்தாரம்.) அந்த ஆதார சுருதியில் பியானோவின் ஐந்து கறுப்புக் கட்டைகளும் சேர்ந்து தருவது நம் மோகனத்தின் ஸ்வரங்களே. விரலை எங்கும் அழுத்தாமல் தந்திகளை மீட்டினாலே நிறைவான ஓர் இசைக்கூட்டு எழும். வழக்கமான முறையில் சுருதி சேர்த்துப் பழகிய வாசிப்பாளர்கள் அவர் வாசிப்பைப் பின்பற்றத் திணறினார்கள். அவரோ கடைசிவரை அந்த முறையை மாற்றவில்லை. தந்திகளை உலுக்காமல் குரலுக்கு இடையிடையே வருடிச் செல்லும் அந்த வாசிப்பின் சாயல் ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் மென்மையான பாடல்களில் தெளிவாகக் கேட்கிறது.

இம்ப்ரெஷன்ஸ்

டென்னசியிலிருந்து சிகாகோவுக்கு வந்த சாம் கூடன், ஆர்தர், ரிச்சர்ட் என்ற புரூக்ஸ் சகோதரர்கள் ஆகியோருடன் பட்லர் ஒரு குழுவில் சேர்ந்தார், நண்பனையும் அழைத்துக்கொண்டார். மேலாளர் எடி தாமஸ் அதற்கு இம்ப்ரெஷன்ஸ் என்று பெயர் வைத்தார். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டிருந்த மேஃபீல்டுக்கு அப்போது வயது பதினாறுகூட நிரம்பவில்லை. 1958இல் வீ-ஜே நிறுவனம் வெளியிட்ட ‘ஃபார் யுவர் பிரெஷியஸ் லவ்’ நாடெங்கும் ஒலித்தது. ஆனால் இசைத்தட்டில் ‘ஜெர்ரி பட்லரும் இம்ப்ரெஷன்ஸும்’ என்று நிறுவனம் அச்சிட்டுவிட்டது. ஒருவர் பெயரை மட்டும் முன்னே தள்ளிய அந்த அச்சு குழுவுக்குள் கசப்பை விதைத்தது. பட்லர் விரைவில் தனியே பிரிந்தார்.

பிரிந்தும் நட்பு முறியவில்லை. பட்லரின் பயணங்களில் மேஃபீல்ட் கிதார் வாசித்தார். 1960இல் அவருடன் சேர்ந்து எழுதிய ‘ஹி வில் பிரேக் யுவர் ஹார்ட்’ கறுப்பின இசைக்கான ஆர் அண்ட் பி விற்பனைப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது. அந்த வருமானத்தில் சேமித்த பணத்தைக் கொண்டு குழுவை மறுபடி திரட்டினார். பட்லரின் இடத்துக்கு ஃபிரெட் கேஷ் வந்தார். ஏபிசி-பாரமவுண்ட் நிறுவனத்துக்காகப் பதிவான ‘ஜிப்சி வுமன்’ 1961இல் வெற்றி கண்டது. பின்னர் புரூக்ஸ் சகோதரர்களும் விலக, மேஃபீல்ட், கூடன், கேஷ் என்ற மூவர் குழு நிலைத்தது. 1963இல் ‘இட்ஸ் ஆல்ரைட்’ பொதுப் பட்டியலில் 4ஆம் இடத்தையும் ஆர் அண்ட் பி பட்டியலில் முதலிடத்தையும் எட்டியது. மூவரும் ஒரே வரியைக் கைமாற்றிக் கைமாற்றிப் பாடுவதும், ஜானி பேட் அமைத்த பித்தளை ஊதுகருவிகள் அந்த வரிகளுக்கு இடையே எழுவதும் சிகாகோ சோல் இசையின் அடையாளமாயின. ஜமைக்காவில் பாப் மார்லியின் வெய்லர்ஸ் குழு தொடக்கத்தில் பார்த்துப் பழகிய வார்ப்பும் இந்த மூவர்தான்.

1964இல் வந்த ‘கீப் ஆன் புஷிங்’, 1965இல் வந்த ‘பீப்பிள் கெட் ரெடி’ இரண்டும் கறுப்பின மக்களின் குடிசார் உரிமைப் போராட்டத்தின் ஊர்வலங்களிலும் கூட்டங்களிலும் பாடப்பட்டன. இரண்டாவது பாடல் ஒரு ரயிலைப் பற்றியது. தென்மாநிலங்களின் நிறவெறியிலிருந்து தப்பி லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் ரயிலேறித்தான் சிகாகோவுக்கு வந்திருந்தார்கள். அடிமைக் காலப் பக்திப் பாடல்களிலும் ரயில் விடுதலையின் வாகனம். அந்த இரண்டு நினைவுகளையும் மேஃபீல்ட் நிதானமான ஒரே மெட்டில் ஏற்றினார். யாரையும் பெயர் சொல்லித் தாக்காமல், நம்பிக்கையுள்ள எவருக்கும் இடமுண்டு என்கிற அந்தப் பாடலைப் பிற்காலத்தில் பல மொழி, பல மரபுப் பாடகர்கள் எடுத்துப் பாடியிருக்கிறார்கள். இருபத்திரண்டு வயதில் அதை எழுதினார் என்பது இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

1967இன் இறுதியில் வந்த ‘வீ ஆர் எ வின்னர்’ பாடலில் அந்தப் பூடகம் விலகியது. கறுப்பின மக்களின் தன்மானத்தை நேரடியாகவே பாடினார். சில வானொலி நிலையங்கள் அதை ஒலிபரப்ப மறுத்தன. அப்படியும் அது ஆர் அண்ட் பி பட்டியலின் முதலிடத்தை அடைந்தது.

உரிமையும் கர்டம் நிறுவனமும்

இசைத்தட்டு ஒன்று விற்றால் பணம் இரண்டு வழிகளில் பிரியும். பதிவான ஒலிக்கு ஒரு பங்கு. எழுதிய பாட்டுக்கு ஒரு பங்கு. பாட்டுக்கான பங்கும் எழுதியவருக்குப் பாதி, அதை நிர்வகிக்கும் வெளியீட்டாளருக்குப் பாதி என்று பிரியும். ஒலிப்பதிவின் வருவாய் தட்டு விற்கும் காலத்தோடு வற்றிவிடலாம். பாட்டின் வருவாய் அப்படியல்ல. வேறொருவர் பாடினாலும், வானொலியில் ஒலித்தாலும், திரைப்படத்தில் வந்தாலும் ஊறிக்கொண்டே இருக்கும். ஐம்பதுகளில் பல இளம் கலைஞர்கள் இந்த வேறுபாடு தெரியாமல் ஒரு கையெழுத்தில் எல்லாவற்றையும் இழந்தார்கள். பாடகர் சாம் குக் சொந்த நிறுவனமும் சொந்த வெளியீட்டு உரிமையும் வைத்து ஒரு வழி காட்டியிருந்தார். மேஃபீல்டும் எடி தாமஸுடன் சேர்ந்து இருபது வயதை ஒட்டிய பருவத்திலேயே கர்டம் என்ற பெயரில் வெளியீட்டு நிறுவனத்தைத் தொடங்கிவிட்டார். கர்ட்டிஸ், தாமஸ் என்ற இரு பெயர்களின் சேர்க்கை அது.

இதன் பயன் உடனே தெரிந்தது. ஓகே நிறுவனத்தில் கார்ல் டேவிஸ் தயாரித்த, பாடகர் மேஜர் லான்ஸின் பதிவுகளுக்கு மேஃபீல்ட் பாட்டெழுதினார். ‘தி மங்கி டைம்’ (1963), ‘உம், உம், உம், உம், உம், உம்’ (1964) இரண்டும் பொதுப் பட்டியலின் முதல் பத்துக்குள் வந்தன. ஜீன் சாண்ட்லருக்கும் வால்டர் ஜாக்சனுக்கும் எழுதினார். தன் குழு மேடையில் இல்லாத நாளிலும் அவர் எழுத்து உழைத்தது.

விண்டி சி, மேஃபீல்ட் என்ற இரு சிறு நிறுவனங்களை 1966இல் நடத்திப் பார்த்த பிறகு, 1968இல் கர்டம் இசைத்தட்டு நிறுவனம் பிறந்தது. இளம் டானி ஹாத்தவே அங்கே இசையமைப்பிலும் தயாரிப்பிலும் பணியாற்றினார். ஃபைவ் ஸ்டேர்ஸ்டெப்ஸ், லீராய் ஹட்சன், பேபி ஹ்யூயி, பின்னாளில் லிண்டா கிளிஃபோர்ட் ஆகியோரின் பதிவுகள் அங்கிருந்து வந்தன. எனினும் இந்தச் சுதந்திரத்துக்கு ஓர் எல்லை இருந்தது. தட்டுகளை நாடெங்கும் கடைகளுக்கு அனுப்பும் வலை சிறு நிறுவனத்திடம் இல்லை. கர்டம் முதலில் புத்தா, 1975 முதல் வார்னர் பிரதர்ஸ், கடைசியில் ஆர்எஸ்ஓ என்று மூன்று விநியோக நிறுவனங்களைச் சார்ந்தே இயங்கியது. பாடலை முடிவு செய்தவர் மேஃபீல்ட். அது எத்தனை கடைகளை எட்டும் என்பது அவர் கையில் முழுமையாக இல்லை.

தனிப்பாடகர்

1970இல் இம்ப்ரெஷன்ஸை பாடகர் லீராய் ஹட்சனிடம் ஒப்படைத்து வெளியே வந்தார். அவ்வாண்டே வந்த ‘கர்ட்டிஸ்’ தொகுப்பின் முதல் பாடல் ஏறக்குறைய எட்டு நிமிடம் ஓடுகிறது. இனம், அரசியல், போதை என்று எல்லாரையும் ஒரே நரக வாசலில் நிறுத்துகிறது. மூன்று நிமிடப் பாட்டையே வானொலி விரும்பிய நாளில், வேறொருவரின் நிறுவனத்தில் இருந்திருந்தால் இதைத் தொகுப்பின் தொடக்கத்தில் வைக்க விட்டிருப்பார்களா என்பது ஐயம். அதே தொகுப்பிலுள்ள ‘மூவ் ஆன் அப்’ இன்று அவருடைய மிகப் புகழ்பெற்ற பாடல்களுள் ஒன்று. காங்கா முரசும் ஊதுகருவிகளும் ஓயாமல் முன்னே இழுக்கும் அந்தப் பாடல் அமெரிக்காவில் தனித்தட்டாகப் பட்டியலிலேயே ஏறவில்லை. பிரிட்டனில் 1971இல் 12ஆம் இடம் வரை சென்றது.

1971 ஜனவரியில் நியூயார்க்கின் பிட்டர் எண்ட் என்ற சிறிய அரங்கில் பதிவான ‘கர்ட்டிஸ்/லைவ்!’ தொகுப்பில் பெரிய வாத்தியக் குழு கிடையாது. கிதார்கள், லக்கி ஸ்காட்டின் பேஸ், டிரம்ஸ், மாஸ்டர் ஹென்றி கிப்சனின் முரசுகள், அவ்வளவே. பாடல்களுக்கு நடுவே மக்களோடு அவர் பேசும் பேச்சில் பாட்டியின் சபை மறுபடி கூடிவிடுகிறது. மேஃபீல்டைப் புதிதாகக் கேட்கத் தொடங்குபவர் இங்கிருந்து தொடங்கலாம்.

சூப்பர் ஃப்ளை

கார்டன் பார்க்ஸ் ஜூனியர் இயக்கிய ‘சூப்பர் ஃப்ளை’ (1972) படத்தின் நாயகன், கடைசியாக ஒரு பெரிய வியாபாரம் முடித்துவிட்டுத் தொழிலை விட நினைக்கும் கொகெய்ன் விற்பனையாளன். படக்காட்சிகள் போதைப்பொருளுக்கு விளம்பரம் போலாகிவிட்டதாக மேஃபீல்ட் கருதினார். ஆகவே படத்தின் கண் பார்க்க மறுத்ததைப் பாடல்களில் பார்த்தார். பளபளப்பான காரையும் உடையையும் திரை காட்டிக்கொண்டிருக்க, இசை அந்த வாழ்க்கையின் விலையைச் சொல்கிறது. படத்தில் வந்துபோகும் சிறு பாத்திரமான ஃபிரெடியின் சாவுக்கு ஒரு முழுப் பாடலே ஒப்பாரியாகிறது. திரைக்கதை அவனுக்குத் தராத மரியாதை அது. பின்னணி இசை ஒரு படத்தோடு இப்படி வாதாடிய நிகழ்வு அதற்கு முன் அரிது.

கர்டம் வெளியிட்ட அத்தொகுப்பு பொதுப் பட்டியலில் நான்கு வாரம் முதலிடத்தில் இருந்தது. ‘ஃபிரெடீஸ் டெட்’ 4ஆம் இடத்தையும் ‘சூப்பர்ஃப்ளை’ 8ஆம் இடத்தையும் எட்டின. படத்தைவிடப் பாட்டுத்தட்டு அதிகம் ஈட்டியது என்று பரவலாகச் சொல்வார்கள். ‘ஃபிரெடீஸ் டெட்’ படத்தில் பாட்டு வரிகளில்லாமல் வாத்திய வடிவில் மட்டுமே வருவதால் ஆஸ்கர் பாடல் போட்டிக்குத் தகுதி பெறவில்லை.

தொடர்ந்து மற்றவர் குரல்களுக்காகத் திரையிசை எழுதினார். ‘கிளாடின்’ (1974) கிளாடிஸ் நைட் அண்ட் தி பிப்ஸுக்கு. ‘லெட்ஸ் டூ இட் அகெய்ன்’ (1975) ஸ்டேபிள் சிங்கர்ஸுக்கு. அதன் தலைப்புப் பாடல் பொதுப் பட்டியலின் முதலிடம் பிடித்தது. ‘ஸ்பார்க்கிள்’ (1976) அரீத்தா ஃபிராங்க்ளினுக்கு. இவற்றுக்கு நடுவே, 1975இல் வந்த ‘தேர்ஸ் நோ ப்ளேஸ் லைக் அமெரிக்கா டுடே’ அவருடைய மிகச் சிறந்த தொகுப்புகளுள் ஒன்று. வேலையின்மையையும் தெருவில் விழும் பிணங்களையும் ஏறக்குறைய முணுமுணுப்பாகவே பாடுகிறார். நடனத்துக்கு உதவாத அந்தத் தட்டு அன்று பெரிதாக விற்கவில்லை.

டிஸ்கோ அலையில் அவருடைய பிடி தளர்ந்தது. 1980 அளவில் கர்டம் மூடப்பட்டது. அவர் அட்லாண்டாவுக்குக் குடிபெயர்ந்தார். எண்பதுகளின் பதிவுகள் சிலவே.

விபத்துக்குப் பின்

1990 ஆகஸ்ட் 13 அன்று நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், விங்கேட் திடலில் திறந்தவெளிக் கச்சேரி. காற்று பலமாக வீசியது. மேஃபீல்ட் மேடையேறும்போது விளக்குக் கம்பங்கள் சாய்ந்து அவர் மேல் விழுந்தன. கழுத்துக்குக் கீழே உடல் முழுவதும் செயலிழந்தது. கிதாரை அவர் மீண்டும் தொட முடியவில்லை.

1996இல் வந்த ‘நியூ வேர்ல்ட் ஆர்டர்’ அந்த நிலையில் பாடியது. மூச்சை இழுத்துப் பிடிக்க உதவும் தசைகள் இயங்காததால், மல்லாந்து படுத்தபடி, ஒரு நேரத்துக்கு ஒரு வரி என்று பாடிப் பதிந்தார். பதிந்த வரிகளைப் பின்னர் கோத்தார்கள். மேவிஸ் ஸ்டேபிள்ஸும் அரீத்தா ஃபிராங்க்ளினும் உடன் பாடினர். குரலில் பழைய மிதப்பு இருக்கிறது, நீளம் இல்லை. சொற்றொடர்கள் குறுகி, ஒவ்வொரு சொல்லும் எடை கூடி ஒலிக்கிறது. சர்க்கரை நோயால் 1998இல் அவருடைய கால் ஒன்றை நீக்க நேர்ந்தது. மறு ஆண்டு காலமானார், வயது 57.

1995இல் வாழ்நாள் சாதனைக்கான கிராமி விருது பெற்றார். ராக் அண்ட் ரோல் புகழரங்கில் இம்ப்ரெஷன்ஸ் உறுப்பினராக 1991லும், தனிக் கலைஞராக 1999லும் சேர்க்கப்பட்டார். பாப் மார்லியின் ‘எக்ஸோடஸ்’ (1977) தொகுப்பிலுள்ள ‘ஒன் லவ்/பீப்பிள் கெட் ரெடி’ பாடலில் மேஃபீல்டின் பெயரும் ஆசிரியராக இருக்கிறது. ‘ஸ்பார்க்கிள்’ படப் பாடலொன்றை 1992இல் என் வோக் குழு மீண்டும் பாடி வெற்றி கண்டது. கான்யே வெஸ்டின் ‘டச் தி ஸ்கை’ (2005) ‘மூவ் ஆன் அப்’ பாடலின் ஊதுகருவி இசைமேல் கட்டப்பட்டது. விற்காமல் போன பேபி ஹ்யூயியின் தட்டுக்கு மேஃபீல்ட் எழுதிய ‘ஹார்ட் டைம்ஸ்’ பாடலையும் ஹிப் ஹாப் தயாரிப்பாளர்கள் திரும்பத் திரும்ப எடுத்தாண்டு வருகிறார்கள்.