மண்ணெண்ணெய் அடுப்பும் மஞ்சள் எலுமிச்சையும்



"பச்சையா இருக்கு, இதில் என்ன சத்து இருக்கும்?" என்று சாத்துக்குடியைக் கூடையிலேயே திரும்பப் போடுபவர்கள் நம்மில் பலர். தோலின் நிறத்தை வைத்துச் சத்தை அளக்கலாமா? இதற்குப் பின்னால் ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் எலுமிச்சையைப் பச்சையாகப் பறித்து, மூடிய அறையில் அடுக்கி, மண்ணெண்ணெய் அடுப்பை எரியவிட்டு மஞ்சளாக்கி வந்தார்கள். அடுப்பின் சூடுதான் நிறத்தை மாற்றுகிறது என்று நம்பினார்கள். 1912-இல் அந்நாட்டு வேளாண் துறையின் சீவர்ஸ், ட்ரூ என்ற இருவர் இதை ஆராய்ந்தார்கள். காரணம் சூடு அல்ல, அடுப்பிலிருந்து வரும் வாயு என்று தெரிந்தது. எந்த வாயு? எத்திலீன் அந்த வேலையைச் செய்யும் என்று அதே துறையின் டென்னி காட்டி, 1923-இல் காப்புரிமையும் பெற்றார். 1934-இல் இங்கிலாந்தின் கேன், பழுக்கும் ஆப்பிள் தானே எத்திலீனை வெளியிடுகிறது என்று நிறுவினார்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். மாம்பழமும் வாழையும் பறித்த பிறகும் பழுக்கும், மாவு சர்க்கரையாகும். ஆரஞ்சு, எலுமிச்சை வகைகள் அப்படியல்ல. அவற்றின் இனிப்பு மரத்திலேயே முடிவாகிவிடும். எத்திலீன் தோலில் உள்ள பச்சையத்தைச் சிதைக்கிறது. கரோட்டினாய்டு என்ற மஞ்சள், ஆரஞ்சு நிறமிகள் வெளியே தெரிகின்றன. சாற்றில் உள்ள வைட்டமின் சி இதனால் கூடுவதில்லை. பெரிதாகக் குறைவதும் இல்லை. அதைக் குறைப்பவை வெப்பமும் நாள்பட்ட இருப்பும்தான். வாயு அளவுக்கு மீறினால் காம்புப் பக்கம் அழுகலும் வரும்.

இரவிலும் வெப்பம் தணியாத ஊர்களில், நன்றாக முற்றிய பழத்தின் தோல்கூடப் பச்சையாகவே இருக்கும். அதில் குறை ஒன்றும் இல்லை.

நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகள் எத்திலீன் வாயுவை, காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு வரை, பழுக்க வைக்க அனுமதிக்கின்றன. கார்பைடு கல்லுக்குத் தடை. அதில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு இருக்கக்கூடும். இரண்டையும் ஒன்றாக எண்ணிப் பயப்பட வேண்டாம்.

அடுத்த முறை கடைக்குப் போனால் நிறத்தைப் பார்த்து ஒதுக்காதீர்கள். கையில் எடுத்துப் பாருங்கள். அளவுக்கு ஏற்ற கனம் இருந்தால் சாறு இருக்கிறது என்று பொருள். வாங்கியதை நாள்கணக்கில் வைக்காமல் பிள்ளைகளுக்கு உரித்துக் கொடுங்கள்.